பம்ப் சத்தம் கேட்கிறது, தண்ணீர் எங்கே?

படகின் அடிப்பள்ளத்தில் (பில்ஜ்) சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது பில்ஜ் பம்ப். அது வேலை செய்யவில்லை என்றதும் பலரும் செய்கிற முதல் காரியம், புதுப் பம்ப் வாங்கி வந்து மாட்டுவது. கொஞ்ச நாளில் அதுவும் பழையதைப் போலவே படுத்துவிடும். அப்புறம் கம்பெனியைத் திட்டுவார்கள். பாவம் பம்ப். படகில் இருக்கும் சாமான்களிலேயே செய்யாத குற்றத்துக்கு அதிகம் தண்டனை வாங்குவது அதுதான்.

ஆட்டோமேட்டிக் பில்ஜ் பம்ப் என்று ஒற்றைப் பெயரில் சொல்கிறோமே தவிர, அது நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை. தண்ணீரைத் தள்ள மோட்டாரும் அது சுழற்றும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரும், தண்ணீர் ஏறியதைக் கண்டுபிடிக்க ஒரு சுவிட்ச், கரண்ட் கொண்டுவர ஒயரும் ஃபியூஸும், தண்ணீரை வெளியே கொண்டுபோக ஹோஸ். இந்த நாலில் மோட்டார்தான் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். ஒயர் இணைப்பும் சுவிட்சும்தான் முதலில் மாட்டும்.

இங்கே பேசுவது சிறிய, நடுத்தர உல்லாசப் படகுகளில் இருக்கும் 12 வோல்ட் சென்ட்ரிஃபியூகல் பம்பைப் பற்றி, அதாவது இம்பெல்லர் சுழலும் வேகத்தாலேயே தண்ணீரை வீசித் தள்ளும் பம்ப். தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே ஓடும் வகை. 500 கேலன், 1100 கேலன், 2000 கேலன் என்று, மணிக்கு இத்தனை கேலன் தள்ளும் என அளவு சொல்லி விற்பது.

கை வைக்கும் முன் ஒன்று. பெட்ரோல் எஞ்சின் உள்ள படகென்றால் மூடியைத் திறந்து காற்றோட விடுங்கள், காற்றை வெளியேற்றும் விசிறி (ப்ளோயர்) இருந்தால் நாலைந்து நிமிஷம் ஓடட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், நேராக அடிப்பள்ளத்தில் போய்த்தான் தங்கும். அங்கே ஒயரைக் கழற்றி மாட்டும்போது ஒரு பொறி போதும். கரை மின்சாரம் சொருகியிருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி சார்ஜரின் தயவில் 13.5 வோல்ட் காட்டிக்கொண்டிருக்கும் படகில் எந்த அளவும் உண்மை பேசாது.

முதல் கேள்வி: மேனுவலில் ஓடுகிறதா?

பெரும்பாலான படகுகளில் மூன்று நிலை சுவிட்ச் இருக்கும்: ஆட்டோ, ஆஃப், மேனுவல். மேனுவலில் போடுங்கள். பம்ப் ஓடித் தண்ணீரும் வெளியே வந்தால் மோட்டார், இம்பெல்லர், ஹோஸ், நெகட்டிவ் ஒயர் நாலும் நல்லபடியாக இருக்கின்றன என்று அர்த்தம். மிச்சம் இருப்பது ஃப்ளோட் சுவிட்சும் (தண்ணீர் ஏறும்போது மிதவை எழும்பிப் பம்பை ஓடவைக்கும் சுவிட்ச்), அதற்கு வரும் பாசிட்டிவ் ஒயரும், அந்த ஒயரில் உள்ள ஃபியூஸும்தான். தேட வேண்டிய இடம் ஒரே நொடியில் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது.

இரண்டிலும் ஓடவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவானதைப் பாருங்கள். முதலில் நெகட்டிவ் இணைப்பு, அடுத்து இம்பெல்லர் சிக்கியிருக்கிறதா என்பது, அதற்கப்புறம்தான் மோட்டார். ஆட்டோவில் ஓடி மேனுவலில் ஓடவில்லை என்றால் பேனல் சுவிட்ச் அல்லது அதன் ஃபியூஸ்.

பம்பிலிருந்து மூன்று ஒயர் வந்தால் பெரும்பாலும் கறுப்பு நெகட்டிவ், பழுப்பு ஆட்டோவுக்கு, வெள்ளைக் கோடு போட்ட பழுப்பு மேனுவலுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், பம்போடு வந்த தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் உயிரான விஷயம் ஆட்டோ ஒயர். அது மெயின் பேட்டரி சுவிட்சைத் தொடாமல், தனக்கென்று ஒரு ஃபியூஸோடு நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும். யாரோ வசதிக்காக அதைப் பேனலில் இணைத்துவிட்டிருப்பார்கள். படகில் ஆள் இருக்கும்வரை எல்லாம் அழகாக வேலை செய்யும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் பம்பும் கூடவே தூங்கப் போய்விடும். ஆள் இல்லாத நேரத்துக்காகத்தானே அந்தப் பம்பே இருக்கிறது!

சோதனை எளிது. மெயின் சுவிட்சை அணையுங்கள், பேனலில் எல்லாவற்றையும் அணையுங்கள், அடிப்பள்ளத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பம்ப் எழுந்திருக்க வேண்டும். ஃப்ளோட்டைக் கையால் தூக்கிப் பார்த்து ஓடுகிறது என்று திருப்திப்படுவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. விரல் தூக்கும், தண்ணீர் தூக்காமல் போகலாம். மிதவைக்குள் நீர் புகுந்து கனத்திருந்தாலும், மிதவை மடங்கி எழும் கீலில் எண்ணெய்க் கசடு பிசின் மாதிரி ஒட்டியிருந்தாலும் விரலுக்கு அது தெரியாது.

மல்டிமீட்டர் எப்போது பொய் சொல்லும்

பம்ப் முனகுகிறது, மெதுவாக ஓடுகிறது, சில நேரம் ஓடுகிறது சில நேரம் ஓடவில்லை. இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே நோய்: இணைப்பில் துரு. மீட்டரை எடுத்துப் பம்ப் ஒயரில் வைத்துப் பார்ப்பார்கள், 12.6 வோல்ட் காட்டும். கரண்ட் சரியாக வருகிறது, பம்ப்தான் போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த 12.6 பம்ப் ஓடாதபோது எடுத்த அளவு. கரண்ட் ஓடாத ஒயரில் வோல்டேஜ் இழப்பும் இருக்காது. ஒயரின் 40 இழையில் 38 அரித்துப்போய் இரண்டு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், முழு வோல்டேஜைக் காட்டிவிடும். பம்புக்கு அந்த இரண்டு இழை போதாது. அதனால் அளவு எடுப்பது எப்போதும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

செய்முறை இது. பள்ளத்தில் தண்ணீர் இருக்க, பம்பை மேனுவலில் ஓட விடுங்கள். மீட்டரை டிசி வோல்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், கறுப்பு முனையைப் பம்புக்கு அருகில் பாசிட்டிவ் ஒயர் இணைப்பிலும் வையுங்கள். வருகிற எண் அந்த வழியில் தொலைந்துபோகும் வோல்டேஜ். இதையே நெகட்டிவ் பக்கத்திலும் செய்யுங்கள். இரண்டையும் கூட்டினால் 12 வோல்டில் 3 சதவீதம், அதாவது 0.36 வோல்டுக்குள் நிற்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால், கறுப்பு முனையை ஒவ்வோர் இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ஃபியூஸ் ஹோல்டரை மறக்க வேண்டாம். ஃபியூஸ் கண்ணாடிக்குள் கம்பி பளபளவென்று இருக்கும், அதைப் பிடித்திருக்கும் பித்தளை மூடியில் பச்சை பூத்திருக்கும்.

ஒயரே மெல்லியதாக இருந்தாலும் இதே கதைதான். பேட்டரியிலிருந்து பம்ப் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது, போக வர 10 மீட்டர் ஒயர் என்று வையுங்கள். சுமார் 8 ஆம்பியர் இழுக்கும் 2000 கேலன் பம்புக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் 0.9 வோல்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 2.5 போட்டால் 0.56. 4 சதுர மி.மீ. போட்டால்தான் 0.35க்கு வரும். 2 ஆம்பியர் இழுக்கும் 500 கேலன் பம்புக்கு அதே தூரத்தில் 1.5 தாராளம். சின்னப் பம்பைக் கழற்றிப் பெரிய பம்ப் மாட்டுகிறவர்கள் பழைய ஒயரையும் பழைய ஃபியூஸையும் அப்படியே விட்டுவிடுவதால் வருகிற தொல்லைக்குக் கணக்கே இல்லை.

கெட்ட இணைப்பை வெட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். மேலுறை அப்படியே புதுசு மாதிரி இருக்கும், அதைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்துப்போய், தொட்டால் பச்சைத் தூள் உதிரும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது மாதிரி ஒயரின் இழைகள் உப்புத் தண்ணீரை உறிஞ்சி உறைக்குள்ளேயே மேலே ஏற்றிவிடும். இணைப்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக்கூடக் கறுத்திருக்கலாம். செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த ஒயரின் மேல் புது கனெக்டரை நசுக்குவது அழுகிய மரத்தில் ஆணி அடிப்பது போல.

புது இணைப்புக்கு ஈயம் பூசிய இழைச் செம்பு ஒயர், உட்புறம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் பட் கனெக்டர் (இரண்டு ஒயர் முனைகளை இணைக்கும், சூடு பட்டால் சுருங்கும் குழாய்). கிரிம்பிங் பிளையரால் நசுக்கி, இழுத்துப் பார்த்து, பிறகு சூடு காட்டுங்கள். இரண்டு ஓரத்திலும் பசை ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கி வெளியே தெரிந்தால்தான் அது அடைத்திருக்கிறது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீட்டுச் சுவருக்குள்ளேயே சரியில்லை, இங்கே பேச்சே வேண்டாம். இணைப்பு முழுவதும் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒயர் இணைப்புக்கு வரும் முன் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழிகிற நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பாசிட்டிவ் இணைப்பு பள்ளத்துத் தண்ணீரில் கிடந்தால் பம்ப் நிற்பதோடு போகாது. கரண்ட் தண்ணீர் வழியாகக் கசிந்து அடித்தள வால்வு, புரொப்பல்லர் ஷாஃப்ட் போன்ற உலோகங்களை வேகமாகத் தின்னத் தொடங்கும். ஆட்டோ ஒயரில் 24 மணி நேரமும் கரண்ட் இருப்பதால் இந்தத் தீனி ராத்திரி பகல் நிற்காது.

ஃப்ளோட் சுவிட்ச்

சாதாரண கீல் வகைச் சுவிட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். மிதவை கீழே இருக்கும்போது இணைப்பு இருக்கக் கூடாது. தூக்கினால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். மெதுவாகப் பத்துத் தடவை தூக்கி இறக்குங்கள், ஒரு தடவை தவறினாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே தொடுமுனை கருகிவிட்ட சுவிட்ச் ஓம்ஸ் சோதனையில் தேறிவிடும், சுமை வந்தால் காலை வாரிவிடும். அதைப் பிடிக்க, பம்ப் ஓடும்போது சுவிட்சின் இரண்டு ஒயருக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். 0.2க்கு மேல் வந்தால் ஆயுள் முடிகிறது. சுவிட்சின் உடம்பில் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருப்பார்கள், பம்ப் இழுப்பதைவிட அது அதிகமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மிகப் பழைய சுவிட்சுகளில் பாதரசம் இருக்கும். அதை உடைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

பொருத்தும் உயரத்திலும் தப்பு நடக்கும். சுவிட்சின் அடி பம்பின் அடிக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். கீழே இருந்தால் பம்புக்கு எட்டாத கடைசித் தண்ணீரில் மிதவை மிதந்துகொண்டே இருக்கும், பம்ப் வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும், காலையில் பேட்டரி காலி. ஹோஸோ ஒயரோ மிதவையின் மேல் படுத்துக்கொண்டு அமுக்குவது, வெட்டிப்போட்ட கேபிள் டை துண்டு கீலில் செருகிக்கொள்வது, இவையெல்லாம் கண்ணால் பார்த்தாலே தெரியும். ஆனால் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். நின்றபடி எட்டிப் பார்த்தால் தெரியாது.

மிதவையே இல்லாத எலக்ட்ரானிக் சென்சார்கள் தனி ரகம். தண்ணீர் தொட்டதும் உடனே ஓடாது, சில விநாடி உறுதி செய்துகொண்டுதான் ஓடும். படகு ஆட்டத்தில் தண்ணீர் அலைவதற்கெல்லாம் ஓடக் கூடாது என்பதற்காக அப்படி. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே போச்சு என்று சொல்ல வேண்டாம், ஐந்து பத்து விநாடி விரலை வைத்திருங்கள். எண்ணெய்ப் படலம் மூடினால் இவற்றுக்குக் கண் மறைத்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பும் துணியும் போதும், கரைப்பான் எதுவும் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

இன்னொரு வகையில் பம்புக்குள்ளேயே எல்லாம் இருக்கும். சுமார் இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக ஒரு விநாடி சுற்றிப் பார்க்கும். சுற்றும்போது இம்பெல்லருக்குப் பளு தெரிந்தால் தண்ணீர் இருக்கிறது என்று எண்ணித் தொடர்ந்து ஓடும், தெரியாவிட்டால் நின்றுவிடும். அந்த 'விர்ர்' சத்தம் கோளாறு இல்லை, அதன் சுபாவம். 2 ஆம்பியர் பம்புக்கு இந்த எட்டிப் பார்க்கும் வேலைக்கு மட்டும் நாளைக்கு சுமார் 0.3 ஆம்பியர்-மணி செலவாகும். மாதத்துக்குப் பத்துக்குப் பக்கம். சார்ஜ் ஏற வழியில்லாமல் மாதக்கணக்கில் நிற்கும் படகுக்கு இது பொருந்தாது. இந்த வகையின் இரண்டு விசித்திரங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இம்பெல்லரில் நூலோ முடியோ சுற்றியிருந்தால் அந்தப் பளுவைத் தண்ணீர் என்று நம்பி ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் பளு இல்லை என்று நம்பி, பள்ளம் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே நின்றுவிடும்.

சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை

பம்பின் இரண்டு பக்கமும் உள்ள கொக்கியை அமுக்கினால் மோட்டார் பகுதி அடியிலிருக்கும் சல்லடைக் கூடையை விட்டு மேலே வரும். சல்லடையில் பெயின்ட் செதில், மரத்தூள், பாட்டிலின் லேபிள் ஒட்டியிருக்கும், கழுவுங்கள். மோட்டாரைத் தலைகீழாகத் திருப்பி இம்பெல்லரைப் பாருங்கள். ஃபியூஸைக் கழற்றிவிட்டு விரலால் சுற்றினால் லேசான தடையோடு சுற்ற வேண்டும். ஷாஃப்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு இறுக்கிக் கிடந்தால் ஊசியால் நெம்பி எடுங்கள், இழுத்து அறுத்தால் மிச்சம் சீலுக்குள் போய்விடும். நாள்பட்டு உலர்ந்த பம்பில் உப்புக் கட்டி இம்பெல்லரை ஒட்டியிருக்கும், வெந்நீரில் அரை மணி ஊறவைத்தால் விட்டுவிடும். இம்பெல்லர் ஷாஃப்டில் வழுக்கிக்கொண்டு தனியாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் நகராது. திரும்ப மாட்டும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் துளி சிலிகான் கிரீஸ்.

பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருந்தாலும் இதே குறிதான். சென்ட்ரிஃபியூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றியும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதனால் சந்தேகமே வராது. சத்தம் மட்டும் பழைய மாதிரி இருக்காது. எலக்ட்ரானிக் பம்பாக இருந்தால் மாற்றிக் கொடுத்தாலே உள்ளிருக்கும் சர்க்யூட் போய்விடலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் காற்றடைப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பம்பைத் தூக்கிப்போட வைப்பது இதுதான். சென்ட்ரிஃபியூகல் பம்ப் காற்றை இழுக்காது, தள்ளவும் தெரியாது. ஹோஸ் பம்பிலிருந்து கிளம்பி மேலே போய், எங்கோ ஒரு இடத்தில் தொய்ந்து இறங்கி மறுபடி ஏறினால், போன தடவை ஓடியபோது மிஞ்சிய தண்ணீர் அந்தத் தொய்வில் தேங்கி நிற்கும். பம்புக்கும் அந்தத் தேக்கத்துக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். பள்ளத்தில் தண்ணீர் ஏறி பம்பை மூடினாலும் அந்தக் காற்று வெளியேற வழி இல்லை, இம்பெல்லர் காற்றுக் குமிழியைக் கடைந்துகொண்டே இருக்கும். ஓடும்போது பம்பைச் சற்றுச் சாய்த்து ஆட்டிப் பாருங்கள். குபுக்கென்று ஒரு குமிழி வந்து உடனே தண்ணீர் பாய்ந்தால் நோய் தெரிந்துவிட்டது. மருந்து: ஹோஸ் பம்பிலிருந்து வெளியேறும் துவாரம்வரை எங்கும் இறங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். நீளம் அதிகமாக இருந்தால் வெட்டுங்கள், 40 செ.மீ.க்கு ஒரு கிளிப் போட்டுத் தொய்வைத் தூக்குங்கள்.

உள்ளே வரி வரியாக மடிப்புள்ள மலிவு ஹோஸ் தண்ணீரின் வேகத்தைத் தின்றுவிடும். உட்புறம் வழவழப்பானது போடுங்கள். பம்பின் வாய் 28 மி.மீ. என்றால் ஹோஸும் அதே அளவு, நடுவில் குறுக்க வேண்டாம்.

ஓடுகிறது என்பதைச் சத்தத்தால் முடிவு செய்யாமல் வாளியால் அளந்து பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண் அமெரிக்க கேலன், ஒரு கேலன் 3.785 லிட்டர். அதுவும் ஹோஸே இல்லாமல், தண்ணீரை மேலே ஏற்றாமல், பெரும்பாலும் 13.6 வோல்டில் எடுத்த அளவு. 500 கேலன் பம்ப் அந்தக் கணக்கில் நிமிஷத்துக்கு 31 லிட்டர் தர வேண்டும், 10 லிட்டர் வாளி 19 விநாடியில் நிறைய வேண்டும். படகில் ஒரு மீட்டர் உயரம் ஏற்றி, இரண்டு வளைவு திரும்பி வரும்போது 30, 35 விநாடி ஆனால் பம்ப் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் வோல்டேஜையும் ஹோஸையும் தேடிப் போங்கள். முதல் தடவை எடுத்த விநாடியைப் பம்பின் மேலேயே மார்க்கரால் எழுதிவைத்தால் அடுத்த வருஷம் ஒப்பிட வசதி.

ஓடி, நின்று, மறுபடி ஓடி

பம்ப் பத்து விநாடி ஓடும், நிற்கும், அரை நிமிஷத்தில் மறுபடி ஓடும், ராத்திரி முழுக்க இதேதான். பெரும்பாலும் காரணம் ஹோஸிலிருந்து திரும்பி விழும் தண்ணீர். 28 மி.மீ. ஹோஸ் 3 மீட்டர் நீளம் என்றால் உள்ளே 1.8 லிட்டர் நிற்கும். பம்ப் நின்றதும் அத்தனையும் பள்ளத்துக்கே திரும்பும். குறுகலான வி வடிவப் பள்ளத்தில் 1.8 லிட்டர் மிதவையைத் தூக்கப் போதும்.

எல்லோரும் சொல்லும் தீர்வு, ஹோஸில் ஒரு செக் வால்வு, அதாவது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் கதவு. வேண்டாம் என்பதே இங்கே சொல்லும் தீர்ப்பு. ஒரு சின்ன முடி சிக்கினாலும் அது திறந்தபடி நின்று பயனில்லாமல் போகும், அல்லது மூடியபடி நின்று பம்பையே அடைத்துவிடும். மேலே ஒரு மீட்டர் தண்ணீர் அமுக்கிக்கொண்டிருக்கும்போது, கீழே காற்றோடு சுற்றும் பம்பால் அந்தக் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. ஹோஸைச் சுருக்குங்கள், சுவிட்சை இரண்டு மூன்று செ.மீ. உயர்த்துங்கள், முடிந்தால் பள்ளம் அகலமாக இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். இடம் இருந்தால், பள்ளத்தின் அடியில் மெல்லிய ஹோஸோடு ஒரு சின்னப் பம்ப், அதற்கு மேலே ஒரு கைப்பிடி உயரத்தில் பெரிய பம்ப் என்று இரண்டாகப் பிரிப்பது எல்லாவற்றிலும் நல்ல ஏற்பாடு.

ஓடி நிற்கும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் மட்டம் கூடிக்கொண்டே போனால் அது வேறு விவகாரம். வெளியேறும் துவாரம் கடல்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது, ஆள் ஏறி படகு தாழ்ந்ததும் அல்லது பாய்மரப் படகு சாய்ந்ததும் அது மூழ்கி, தண்ணீர் அதே ஹோஸ் வழியாக உள்ளே இறங்குகிறது. சென்ட்ரிஃபியூகல் பம்பில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. துவாரத்தை உயர்த்த வேண்டும், முடியாவிட்டால் ஹோஸை நீர்மட்டத்துக்கு வெகு மேலே வளைத்து உச்சியில் காற்று வால்வு வைக்க வேண்டும். அந்த வால்வில் உப்பு அடைத்தால் பழைய குருடி கதவைத் திறடி.

நிற்காமல் ஓடுகிறது என்றால் சுவிட்சைக் குறை சொல்லும் முன், உண்மையிலேயே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பள்ளத்தைத் துணியால் உலரத் துடைத்து, ஷாஃப்ட் சீல், அடித்தள வால்வு, சுக்கான் தண்டு, ஹோஸ் கிளாம்ப் ஆகியவற்றின் கீழே டிஷ்யூ பேப்பர் பரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். எது முதலில் ஈரமாகிறதோ அங்கிருந்து மேலே தேடிப் போங்கள்.

25 மி.மீ. துளை ஒன்று நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே திறந்துகொண்டால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டர் உள்ளே வரும். ஒரே ஒரு ஹோஸ் கழன்றால் நடப்பது இதுதான். 500 கேலன் பம்ப் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வெளியேற்றும். 2000 கேலன் பம்ப் சமாளிக்கும், ஆனால் 80 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத் தாராளமாகச் செலவழித்தாலும் ஐந்து மணி நேரம்தான். அதனால் பம்பின் சுவிட்சுக்கு 10 செ.மீ. மேலே தனி ஃப்ளோட் சுவிட்சும் தனி ஃபியூஸும் வைத்து ஒரு சைரனை மாட்டுங்கள். பம்ப் தோற்கும்போது யாராவது கேட்க வேண்டுமே.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். இம்பெல்லர் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதைத் தடுக்கத்தான் உற்பத்தியாளர் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார். 3 ஆம்பியருக்குப் பதில் 15 போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், மோட்டார் வெந்துபோகும், ஒயரும் சேரலாம். ஃபியூஸ் போட்ட கணமே போனால் ஒயரில் ஷார்ட். பம்பைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டுப் பாருங்கள், அப்போதும் போனால் உறுதி. சில விநாடி ஓடிவிட்டுப் போனால் இம்பெல்லரில் சிக்கல், அல்லது சீல் தேய்ந்து மோட்டாருக்குள் தண்ணீர். அந்த மோட்டாரைப் பிரித்துப் பழுது பார்க்கும் வேலை லாபமில்லை. பல மாடல்களில் சல்லடைக் கூடையை அப்படியே விட்டு மோட்டார் பகுதியை மட்டும் மாற்றலாம். ஒன்றை வாங்கி, கூடவே ஒரு ஃப்ளோட் சுவிட்ச், அதே அளவில் நாலு ஃபியூஸ், ஆறு பட் கனெக்டர் சேர்த்து ஒரு டப்பாவில் போட்டுப் படகிலேயே வைத்துவிடுங்கள்.

வேலை முடிந்து மூடியைப் போடும் முன், வெட்டிய ஒயர் துண்டுகளையும் உரித்த உறைகளையும் பள்ளத்திலிருந்து பொறுக்கிவிடுங்கள். அடுத்த தடவை இம்பெல்லரில் சிக்கப்போவது அதுதான். மேனுவல் பக்கம் விட்டால் தானாக ஆஃபுக்குத் திரும்பும் ஸ்பிரிங் சுவிட்சாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் யாராவது மேனுவலில் போட்டு மறந்து, வறண்ட பள்ளத்தில் பம்ப் இரவெல்லாம் சுற்றிச் சீலைப் பொசுக்கிவிடும். கடைசியாக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மறுபடி இரண்டு வாளி.